காருக்குள் சாலை இரைச்சல்: 6,000 ரூபாய்க்குள் என்ன செய்யலாம்?

1. பழனிச்சாரல்

அனைவருக்கும் வணக்கம். எங்களிடம் எட்டு வருடப் பழைய சிறிய பெட்ரோல் கார் இருக்கிறது. ஊருக்குள் ஓட்டும்போது குறை ஒன்றுமில்லை. திண்டுக்கல்லிலிருந்து பழனி வழியாகப் பொள்ளாச்சிக்குப் போகும்போது 70 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் பின்சீட்டில் ஒரே இரைச்சல். என் அம்மா காது கேட்கும் கருவி அணிபவர். அவர் உட்காருவது பின்சீட்டில்தான். அந்தக் கருவி எங்கள் பேச்சோடு சாலைச் சத்தத்தையும் சேர்த்துப் பெரிதாக்கிவிடுகிறது. ஒட்டன்சத்திரம் வருவதற்குள் கருவியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுவிடுவார். அதன்பிறகு ஊர் போய்ச் சேரும்வரை யாரோடும் பேச்சில்லை.

கார் அலங்காரக் கடையில் விசாரித்தேன். கதவு, தரை, டிக்கி, கூரை எல்லாவற்றுக்கும் சத்தத்தை அடக்கும் ஷீட் ஒட்ட 30,000 ரூபாய்க்கு மேல் கேட்டார்கள். என்னால் முடிந்தது 6,000. வேலையை நானே செய்துகொள்வேன். கூரை ஒழுகலுக்கு ஒட்டும் அலுமினிய டேப், தெர்மாகோல், யோகா பாய், ஏசி குழாயில் சுற்றும் கறுப்பு ரப்பர் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இவற்றில் எது உண்மையில் பயன்படும்?

2. டிங்கர்பட்டறை_கோவை

தம்பி, ஷீட் வாங்கும் பேச்சைக் கொஞ்சம் ஒத்தி வையுங்கள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் ஒட்டுவது காசைக் கரைக்கும் வேலை. செலவில்லாமல் கண்டுபிடிக்க வழிகள் இருக்கின்றன.

தார்ச் சாலையிலிருந்து சுங்கச்சாவடியின் கான்கிரீட் தளத்துக்குள் நுழையும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சத்தத்தின் சுருதி சட்டென்று மாறினால் அது டயர். சாலை காலியாக இருக்கும்போது 80-ல் கிளட்சை மிதித்து என்ஜினைத் தாழ்ந்த ஓட்டத்துக்கு விடுங்கள். இரைச்சல் அப்படியே நீடித்தால் என்ஜின்மேல் குற்றமில்லை. கதவு இடுக்குகளின்மேல் பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப்பை வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டு அதே சாலையில் ஒருமுறை போய் வாருங்கள். சத்தம் குறைந்தால் காற்று உள்ளே புகுகிறது என்று பொருள்.

கதவு ரப்பரையும் சோதியுங்கள். ஒரு துண்டுக் காகிதத்தை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தால் அது பிடிப்போடு வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பீடிங் செத்துவிட்டது.

இன்னொன்றை எல்லோருமே மறந்துவிடுகிறார்கள். வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது 'ம்ம்ம்' என்ற ஓசை கூடி, மறுபக்கம் திரும்பும்போது குறைந்தால் அது வீல் பேரிங். அதை ஷீட் ஒட்டி மறைத்துவைப்பது ஆபத்து. பேரிங் மாற்றியதும் 'காரே புதிதாகிவிட்டது' என்று சொல்லிப் போனவர்கள் என் பட்டறையில் நிறையப் பேர்.

டயரையும் பாருங்கள். பட்டன்களின்மேல் உள்ளங்கையை முன்னும் பின்னும் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல் போலவும் பட்டால் அந்த டயர் கத்தத்தான் செய்யும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 3518 என்றால் 2018-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். வயதான ரப்பர் கெட்டிப்பட்டு அதிகம் இரையும்.

3. வேலூர்வெயில்

கூரை ஒழுகல் டேப்பும் கார் ஷீட்டும் ஒன்றுதான் நண்பரே. மேலே அலுமினியத் தாள், கீழே கறுப்புப் பசை. ஹார்டுவேர் கடையில் மூன்றில் ஒரு பங்கு விலை. கார் படம் போட்ட பெட்டிக்குள் வைத்தால் விலை ஏறிவிடுகிறது, அவ்வளவே. கதவு முழுக்க ஓர் அங்குலம் விடாமல் ஒட்டுங்கள், வித்தியாசம் தெரியும்.

4. அதிர்வெண்

வேலூர் நண்பர் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். மறு பாதி நம் ஊர் வெயிலுக்கு ஆகாது.

ஒழுகல் டேப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்றின் பசை பியூட்டைல் ரப்பர், மற்றொன்றின் பசை தார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தார் வகையை உரித்தவுடனே சாலை போடும் இடத்தின் வாடை அடிக்கும். நம் கோடையில் வெயிலில் நிற்கும் காரின் தகரம் கை வைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும். அந்தச் சூட்டில் தார் இளகி வழியும், வாடை உள்ளே பரவும். கார் தயாரிப்பாளர்கள் தரையில் தார் ஷீட் போடுவது உண்மைதான். ஆனால் அது அதற்கென்றே செய்த கலவை. பெயின்ட் உலையின் சூட்டில் தகரத்தோடு பற்றிப்பிடிக்கும். அது கிடப்பதும் தரையில். கதவிலும் கூரையிலும் தார் டேப் வேண்டவே வேண்டாம்.

பியூட்டைல் ஒழுகல் டேப் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள். வாங்கும் முன் ஒரு துண்டைத் தகரத்தில் ஒட்டி, தகரத்தைச் செங்குத்தாக நிறுத்தி, இரண்டு மூன்று நாள் மொட்டைமாடி வெயிலில் வையுங்கள். நழுவாமல், ஒழுகாமல், வாடை இல்லாமல் நின்றால் காருக்கும் ஆகும். மேலுள்ள அலுமினியத் தாளின் தடிமனையும் பாருங்கள். விரலால் அழுத்தினால் கசங்கும் மெல்லிய தாளில் பலன் குறைவு. தகரம் அதிரும்போது அதற்கும் அலுமினியத் தாளுக்கும் நடுவே சிக்கிய ரப்பர் இழுபட்டு, அதிர்வைச் சூடாக மாற்றிவிடுகிறது. தாள் விறைப்பாக இருந்தால்தான் ரப்பர் இழுபடும்.

முழுக் கதவையும் மூட வேண்டியதில்லை. பறையின் தோலில் ஓரிடத்தில் உள்ளங்கையை வைத்தாலே ஓசை அடங்கிவிடும் அல்லவா? தகரத்தின் நடுப்பகுதியில் 25 முதல் 30 சதவீதம் மூடினால் கிடைக்க வேண்டிய பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். முட்டியால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று நீண்டு ஒலித்த இடம் 'தொப்' என்று அடங்கினால் போதும், அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

தெர்மாகோல் சத்தத்தைத் தடுக்காது; அதற்கு எடையும் இல்லை, உறிஞ்சும் துளைகளும் இல்லை. யோகா பாய், ஏசி ரப்பர் இரண்டும் மூடிய துளைகள் கொண்ட ஃபோம். பிளாஸ்டிக்கும் தகரமும் உரசும் கிறீச்சொலியை நிறுத்தும், சூட்டையும் தடுக்கும். டயர் உறுமலைத் தின்னும் என்று எதிர்பார்க்காதீர்கள். 200 ஹெர்ட்ஸ் உறுமலின் அலைநீளம் 1.7 மீட்டர். 10 மில்லிமீட்டர் ஃபோம் அதன் எதிரில் நிற்காது. உறுமலைக் குறைக்க அதிர்வைத் தணிக்க வேண்டும், அல்லது எடையால் மறிக்க வேண்டும். எடையை இரட்டிப்பாக்கினால் கணக்குப்படி 6 டெசிபல் குறையும். அதற்கென்று விற்கும் கனமான வினைல் ஷீட் ஒரு சதுர மீட்டர் ஏறக்குறைய 5 கிலோ. உங்கள் பட்ஜெட்டில் அது அடங்காது.

ஓட்டைகளை அடைப்பதுதான் எல்லாவற்றிலும் மலிவு. ஒரு சுவரில் 1 சதவீதப் பரப்பு திறந்திருந்தால், சுவர் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் 20 டெசிபலுக்குமேல் தடுக்க முடியாது. கதவு ரப்பரில் காகிதம் வழுக்கும் ஒவ்வோர் அங்குலமும் அப்படிப்பட்ட ஓட்டைதான்.

5. பனியன்நகர்_சீட்கவர்

நான் திருப்பூரில் சீட் கவர் கடை வைத்திருக்கிறேன். பலர் கவனிக்காத ஒரு பொருளைப் பற்றிச் சொல்கிறேன். காரின் கார்பெட்டைத் தூக்கினால் சாம்பல் நிறத்தில் பல வண்ண நூல் கலந்த தடித்த கம்பளம் இருக்கும். பழைய துணியையும் துணிக் கழிவையும் பிரித்து, அழுத்திச் செய்த ஃபெல்ட் அது. எங்கள் ஊரில் பனியன் கழிவுக்குப் பஞ்சமில்லை. மெத்தை தைக்கும் கடைகளில் ஃபெல்ட் எடைக்கணக்கில் மலிவாகக் கிடைக்கும். காற்றின் சீறல், மேல்சுருதிச் சலசலப்பு ஆகியவற்றை நன்றாக உறிஞ்சும். பின்சீட்டுக்கு அடியிலும் டிக்கியின் பக்க பிளாஸ்டிக்குக்குப் பின்னாலும் வெற்றிடம் நிறைய இருக்கும். அங்கே தளர்வாக நிரப்புங்கள். இறுக்கி அடைத்தால் உறிஞ்சும் தன்மை போய்விடும்.

தீயை மட்டும் நினைவில் வையுங்கள். எந்தப் பொருளானாலும் ஒரு சிறு துண்டை வெளியே எடுத்துப்போய், பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு கொளுத்திப் பாருங்கள். அமெரிக்காவின் 302-ஆம் எண் விதிப்படி காரின் உட்புறப் பொருளில் தீ நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்குமேல் பரவக் கூடாது. சோபாவில் போடும் சாதாரண மஞ்சள் ஃபோம் கண்மூடித் திறப்பதற்குள் பற்றிக்கொள்ளும். அதை நான் யாருக்கும் போட்டுக் கொடுப்பதில்லை. என்ஜின் பக்கம் துணி ஃபெல்ட் ஆகவே ஆகாது. தீ ஒருபுறம் இருக்க, எலி குடித்தனம் வந்துவிடும்.

6. பழனிச்சாரல்

கோவை அண்ணாவுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி. சொன்னபடி சோதித்தேன்.

சுங்கச்சாவடியில் சுருதி தெளிவாக மாறுகிறது. கிளட்ச் மிதித்தாலும் இரைச்சல் குறையவில்லை. பேரிங் நன்றாக இருக்கிறது. வலது பின்கதவின் மேல்மூலையில் காகிதம் வழுக்குகிறது. பின் டயர்கள் ஏழு வருடப் பழையவை. தடவினால் ரம்பம் தெரிகிறது. பின்சக்கரத்துக்கு மேலுள்ள பகுதியில் வெளியே பிளாஸ்டிக் மறைப்பே இல்லை, வெறும் தகரம். டிக்கியின் பக்க பிளாஸ்டிக்கைக் கழற்றினால் உள்ளேயும் வெறும் தகரம்தான். தட்டினால் கோயில் மணி தோற்றுவிடும்.

7. டிங்கர்பட்டறை_கோவை

அப்படியென்றால் அம்மாவின் இருக்கைக்கு நேர் பின்னால்தான் சத்தம் உட்கார்ந்திருக்கிறது. கதவுகளைவிட அந்தப் பின்சக்கர வளைவுகளுக்குத்தான் முதல் உரிமை.

ஒவ்வொரு வளைவுக்கும் 3 சதுர அடி, டிக்கியில் ஸ்டெப்னி குழிக்கு 4, பின்கதவு இரண்டுக்கும் தலா 2. மொத்தம் 14 சதுர அடி. இதற்குப் பியூட்டைல் ஷீட்டே வாங்குங்கள், 2 மில்லிமீட்டர் போதும். உங்கள் தொகையில் பெரும்பங்கு இதற்குப் போகும், போகட்டும். சென்னைப் பக்கம் யாராவது போனால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் விசாரிக்கச் சொல்லுங்கள். கடைக்குக் கடை விலை மாறும், பேரம் பேசலாம்.

தகரத்தை முதலில் சோப்புத் தண்ணீரால் துடைத்து, காய்ந்தபின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் இன்னொரு முறை துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எந்தப் பசையும் நிற்காது. துரு தென்பட்டால் தேய்த்து, பிரைமர் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகே ஒட்ட வேண்டும். மதிய வெயிலில் செய்தால் ஷீட் இளகி வளைவுகளில் தானாகப் படியும். சிறு மர ரோலரை அழுத்தி உருட்டுங்கள். ஷீட்டின் அலுமினியத் தாளின்மேல் அச்சிட்ட புடைப்பு தட்டையாகும்வரை உருட்ட வேண்டும். உள்ளே காற்றுக் குமிழ் நின்றால் அந்த இடத்தில் ஒட்டியதற்குப் பலனில்லை, பிறகு ஈரமும் சேரும். தாளின் விளிம்பு பிளேடு மாதிரி வெட்டும், கையுறை கட்டாயம்.

சக்கர வளைவின் வெளிப்புறத்துக்கு, அடிப்பாகத்தில் அடிக்கும் ரப்பர் கோட்டிங் ஒரு டின் போதும். பிரேக், சஸ்பென்ஷன், சைலன்சர் மேல் படாமல் மறைத்துவிட்டு அடியுங்கள். கல் தெறிக்கும் சத்தம் அடங்கிவிடும்.

8. இரவுச்சவாரி

வாடகைக் கார் ஓட்டுபவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. பஞ்சர் கடையில் கேட்காமலேயே 40 வரை காற்று ஏற்றிவிடுகிறார்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் உங்கள் காருக்கு உரிய அளவு எழுதியிருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது அந்த அளவு வைத்தாலே இரைச்சலும் குலுக்கலும் குறையும். அதற்காக அளவுக்குக் கீழே இறக்கிவிடாதீர்கள். நெடுஞ்சாலையில் டயர் சூடேறி வெடிக்கும்.

ஏழு வருட ரம்பப் பல் டயரை வைத்துக்கொண்டு ஷீட் ஒட்டாதீர்கள் என்பேன். ஷீட்டைத் தள்ளிப்போட்டாலும் டயரைத் தள்ளிப்போடக் கூடாது. அந்த டயரோடு மழையில் பிரேக் பிடிப்பதை நினைத்தால் எனக்கு அச்சமாக இருக்கிறது, தம்பி. அம்மாவை ஏற்றிச் செல்கிறீர்கள்.

9. நாஞ்சில்மழை

பின்கதவில் கை வைக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நானும் என் கணவரும் எங்கள் காரின் நான்கு கதவுகளையும் வீட்டிலேயே செய்தோம். எங்கள் ஊரில் ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. அதனால் தண்ணீர் விஷயத்தில் நாங்கள் மிகவும் கண்டிப்பு.

கண்ணாடியை ஒட்டியுள்ள ரப்பரைத் தாண்டி மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. கதவின் அடிவிளிம்பிலுள்ள சிறு துளைகள் வழியாக அது வெளியேறிவிடும். ஷீட் ஒட்டும்போது அந்தத் துளைகளை மூடினால் கதவுக்குள் தண்ணீர் தேங்கி அடியிலிருந்து துருவேறும். வேலை முடிந்ததும் கண்ணாடியின்மேல் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, அது கீழே சொட்டுகிறதா என்று பாருங்கள். கதவுக்குள் ஃபெல்ட், தேங்காய் நார், பஞ்சு எதுவுமே வேண்டாம். உறிஞ்சிய ஈரத்தை அவை விடாது. கதவுக்கு ஏசி ரப்பர் மாதிரி தண்ணீர் ஏறாத ஃபோம் மட்டும்தான்.

கதவின் உட்பக்க மறைப்பான டோர் பேடைக் கழற்றினால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். பலர் அதைக் கிழித்து எறிந்துவிடுகிறார்கள். ஈரம் பேடுக்கு வராமல் தடுப்பது அதுதான். மெதுவாக உரித்து, பிறகு அதே பசையில் திரும்ப ஒட்டுங்கள். கிளிப்புகள் சில உடையும். அதே அளவில் உதிரி வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பழைய தளர்ந்த கிளிப்பை மாட்டினால் பேட் கடகடவென்று ஆடி, புதிய சத்தம் ஒன்று சேர்ந்துகொள்ளும். கண்ணாடியை முழுக்க இறக்கியும் ஏற்றியும் பார்த்து, அது உரசாத இடத்தில் மட்டும் ஷீட் ஒட்டுங்கள்.

மஞ்சள் நிற ஒயரோ பிளக்கோ கண்ணில் பட்டால் அது ஏர்பேக். பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் பொறுக்காமல் அதைத் தொடக் கூடாது. சில கார்களில் பக்கவாட்டு ஏர்பேக்குக்கான அழுத்த உணரி கதவுக்குள் இருக்கும். அப்படிப்பட்ட கதவின் பெரிய திறப்புகளை ஷீட்டால் அடைப்பதும் தவறு.

10. வேலூர்வெயில்

அதிர்வெண் சொன்ன மொட்டைமாடிச் சோதனையை என்னிடமிருந்த டேப்பில் செய்து பார்த்தேன். மதியத்துக்குள் ஒரு விரல் அகலம் நழுவிவிட்டது. வாடையும் அவர் சொன்னதேதான். கதவிலும் கூரையிலும் அது வேண்டாம், நண்பர்களே.

11. பழனிச்சாரல்

அக்கா, தண்ணீர் ஊற்றிப் பார்க்கும் சோதனையையும் செய்துவிட்டேன். இரண்டு கதவும் நன்றாகச் சொட்டுகின்றன.

செய்து முடித்ததைச் சொல்கிறேன். இரவுச்சவாரி அண்ணன் பேச்சைக் கேட்டு முதலில் பின் டயர் இரண்டையும் மாற்றினேன். அதை வீட்டுச் செலவில் சேர்த்தாயிற்று, 6,000-க்குள் கொண்டுவரவில்லை. பிறகு வலது பின்கதவின் பீடிங், 14 சதுர அடி பியூட்டைல், ஒரு டின் ரப்பர் கோட்டிங், திருப்பூரிலிருந்து வந்த ஃபெல்ட். கிளிப்புகளும் சேர்த்து 6,000-க்குள் அடங்கிவிட்டது.

டயர் மாற்றியதும் உறுமல் நன்றாகவே இறங்கியது. ஷீட்டுக்குப் பின் சத்தத்தின் குணமே மாறிவிட்டது. சாலைத் தையல்களில் ஏறி இறங்கும்போது வந்த தகர ஓசை இப்போது இல்லை. பீடிங் மாற்றிய பக்கம் காற்றின் விசில் அறவே நின்றுவிட்டது. அம்மா உடுமலை தாண்டியும் கருவியைக் கழற்றவில்லை. பக்கத்தில் இருந்த தங்கையோடு பேசிக்கொண்டே வந்தார். எனக்கு இது போதும். கைப்பேசிச் செயலியில் அளந்தபோது மட்டும் வேலைக்கு முன்பும் வேலைக்குப் பின்பும் 3 டெசிபல்தான் வித்தியாசம் காட்டியது. காதுக்குத் தெரிவதும் செயலி காட்டுவதும் ஏன் பொருந்தவில்லை?

12. அதிர்வெண்

கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. 3 டெசிபல் குறைந்தால் ஒலியாற்றல் பாதியாகிவிட்டது என்று பொருள், அதைக் குறைவாக எண்ண வேண்டாம். காதுக்குச் சத்தம் பாதியாகத் தோன்றச் சுமார் 10 டெசிபல் குறைய வேண்டும். இன்னொன்று, இந்தச் செயலிகள் பெரும்பாலும் 'ஏ' எடையிட்ட அளவைத்தான் காட்டும். அது தாழ்சுருதிகளைக் குறைத்து மதிப்பிடும். நீங்கள் அடக்கியிருப்பதோ தாழ்சுருதி உறுமலை. ஆகவே எண்ணில் குறைவாகவும் காதில் அதிகமாகவும் தெரிவது இயல்புதான். இனி அளந்தால் அதே சாலை, அதே வேகம், அதே காற்றழுத்தம், ஏசி நிறுத்தியநிலை என்று வைத்துக்கொண்டு அளங்கள்.

13. தாம்பரம்_மாலை

இழை முழுவதையும் படித்தேன். எனக்கு டயர் சத்தம் தொந்தரவு இல்லை. மழை பெய்தால் கூரையில் பறையடி கேட்கிறது. கூரைத் துணியை இறக்காமல் ஏதாவது செய்ய முடியுமா?

14. டிங்கர்பட்டறை_கோவை

இறக்காமல் முடியாது. ஆனால் முழுவதும் இறக்க வேண்டியதில்லை. டிக்கி பக்கத்து ரப்பரை உரித்து, பின்பக்கக் கைப்பிடிகளையும் உள்விளக்கையும் கழற்றினால் பல சிறிய கார்களில் கூரை அட்டையின் பின்பாதி ஒரு முழம் கீழே தாழும். ஒருவர் பிடித்துக்கொள்ள இன்னொருவர் கை நுழைத்து ஒட்டலாம். அட்டையை மடக்கிவிடாதீர்கள்; ஒருமுறை கோடு விழுந்தால் போகாது. பக்கவாட்டுத் திரை ஏர்பேக் உள்ள கார் என்றால் இதை நீங்களே செய்ய வேண்டாம், விவரம் தெரிந்த பட்டறையில் விடுங்கள்.

கூரையின் குறுக்குச் சட்டங்களுக்கு இடையிலுள்ள ஒவ்வொரு தகரப் பரப்பின் நடுவிலும் ஒரு சாண் அகல பியூட்டைல் துண்டு, அதன்மேல் 6 மில்லிமீட்டர் ஏசி ரப்பர். மழைச் சத்தம் மட்டுமல்ல, மே மாதத்தில் தலைக்குமேல் இறங்கும் அனலும் குறையும். ரப்பர் ஷீட்டில் பின்புறம் பசையோடு வருவதையே கேட்டு வாங்குங்கள். தனியாகப் பசை தடவி ஒட்டினால் கூரைச் சூட்டில் கழன்று, அட்டையின்மேல் விழுந்து கிடக்கும்.

15. தாம்பரம்_மாலை

திரை ஏர்பேக் இல்லாத கார்தான் ஐயா. ரப்பரை 6-க்குப் பதில் 10 மில்லிமீட்டர் போடலாமா?

16. டிங்கர்பட்டறை_கோவை

வேண்டாம். அட்டை திரும்ப ஏறாது, கிளிப் மாட்டாது. 6 போதும்.